பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 35. சென்ட்ரிங் வேலை. 2025 மார்ச்சில் இரண்டாம் தளத்தில் கான்கிரீட் போடும்போது பலகை நழுவி விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. பில்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெல்ட் போடாதது அவர் தப்பு என்கிறார் மேஸ்திரி. ஆஸ்பத்திரியில் 'வீட்டு மாடிப்படியில் விழுந்தார்' என்று சொல்லிச் சேர்த்ததும் அவர்தான். இப்போது 2 லட்சம் தருவதாகச் சொல்லிப் பத்திரம் நீட்டுகிறார்கள்.

பதில்: யார் பார்க்க வந்தார், வரவில்லை என்பது இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் ஆணையர் முன் எடுபடாது. கட்டாயம் போடச் சொல்லியும் வேண்டுமென்றே மீறினார் என்று அவர்கள் நிரூபித்தால்தான் பெல்ட் வாதம் நிற்கும். மேஸ்திரியின் ஆள் என்று பில்டரும் நழுவ முடியாது. விபத்து நடந்தபோது அமலில் இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், பிரிவு 12.

வழக்கின் உயிர் அந்த 'மாடிப்படி' வரியில் இருக்கிறது. முதலில் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) நகல் வாங்குங்கள். 108-ல் போயிருந்தால், எங்கே ஏற்றினார்கள் என்பது பதிவில் இருக்கும். மேஸ்திரி ஜிபேயில் கூலி அனுப்பிய ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வையுங்கள். கூட வேலை செய்தவர்களை மட்டும் நம்பி இறங்காதீர்கள்; அவர்களுக்கு நாளைக்கும் அதே மேஸ்திரியிடம்தான் வேலை.

பத்திரத்தை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஆணையரிடம் பதியாத ஒப்பந்தம் உங்கள் உரிமையைப் பறிக்காது. ஆனால் உள்ளே 'எங்களிடம் வேலை செய்யவில்லை, மனிதாபிமான உதவியாகப் பெற்றேன்' என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரிப் பொய்க்கு உங்கள் கணவரே சாட்சி ஆகிவிடுவார். பலர் தோற்பது இங்கேதான்.

தொகைக் கணக்கு: விபத்து நடந்தபோது சட்டம் ஏற்ற உச்ச மாதக் கூலி 15,000. அதில் 60 சதவீதம் 9,000. 35 வயதுக்குச் சட்ட அட்டவணை தரும் பெருக்கல் காரணி 197.06. பெருக்கினால் 17,73,540. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதென்றால் 5,32,062 ரூபாய். காலின் ஊனத்தை மட்டும் எழுதினால் போதாது. சாரம் ஏறி வேலை செய்ய முடியாது என்பதையும் டாக்டர் சான்றிதழில் குறிப்பிட வேண்டும்.

108 பதிவோ கூலி ஸ்டேட்மென்ட்டோ கிடைக்காவிட்டால் வழக்கை இழுக்காதீர்கள், சமரசமே நல்லது. 4 லட்சத்துக்கு மேல் கேளுங்கள். வேலையில் விழுந்தார் என்று எழுதி, ஆணையர் முன் பதிந்து, பணத்தை அங்கேயே கட்டச் சொல்லுங்கள். மிகக் குறைவு என்று பட்டால் ஆணையர் பதிய மறுக்கலாம். அது உங்களுக்குப் பாதுகாப்பு. பேச்சு இழுத்தாலும் 2027 மார்ச்சுக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.