ரேடியோவில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், வயிறு கலக்குகிறது: கேள்வி பதில்

அரசு வானொலியில் 29 வருஷம் நிகழ்ச்சி தயாரித்தவன் நான். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. செக்கு வைத்திருப்பவர், பட்டறை நடத்துகிறவர், ஊறுகாய் போடுகிறவர் என்று சின்னதாகத் தொழில் செய்கிறவர்களை மைக் முன்னால் உட்காரவைத்துப் பேச வைத்ததுதான் அதில் பாதி உத்தியோகம். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். யாரைப் பிடித்தால் வாய்ப்பு கிடைக்கும், விளம்பரத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாத பாடம். அதைக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி (மரச்செக்கு எண்ணெய், காங்கேயம்): ஐயா, அடுத்த வியாழக்கிழமை வானொலி நிலையத்தில் என்னைப் பேட்டி எடுக்கிறார்கள். பதினைந்து நிமிஷம். கடையில் நாள் முழுக்கப் பேசுகிறவள்தான் நான். ஆனால் கடிதம் வந்த நாளிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. அங்கே போய் குரல் நடுங்கினால் என்ன செய்வது?

பதில்: நடுங்கட்டும் அம்மா. முதல் ஒரு நிமிஷம் எல்லோருக்கும் நடுங்கும். முப்பது வருஷம் மேடையில் பேசியவர்களுக்கும் அந்தக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்ததும் தொண்டை அடைத்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் காதுக்குப் பூகம்பம் மாதிரி இருப்பது, வீட்டில் அரிசி களைந்துகொண்டே கேட்கிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். உங்கள் தொழில்காரர்தான். கடலை எண்ணெய் ஆட்டுகிறவர், கஞ்சி போட்ட வேட்டியோடு நாலு பக்கத் தாளோடு வந்தார். "எண்ணெய் வித்துக்கள் மனித வாழ்வில் பெறும் முக்கியத்துவம்" என்று ஆரம்பித்து, பள்ளிக்கூட ஒப்பித்தல் போட்டி மாதிரி போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது பக்கத்தில் வரி தவறிவிட்டது. தாள் படபடவென்று ஆடுகிறது, அந்தச் சத்தமும் பதிவாகிறது. பதிவை நிறுத்தினேன். தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா கேட்டேன்: "மூட்டையைப் பிரித்ததும் கடலை நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?" மனிதர் சட்டைப்பையில் கை விட்டார். உள்ளே நாலு கடலைக்காய் இருந்தது. ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். "இப்படித்தாங்க. காஞ்ச காயின்னா உள்ளே பருப்பு சலசலங்கும். ஈரக் காய் வாயே திறக்காது." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் கை காட்டினேன், பதிவு ஓட ஆரம்பித்தது. "மைக் பக்கத்தில் இன்னொரு தடவை குலுக்குங்கள்" என்றேன். அதற்குப் பிறகு பதினோரு நிமிஷம் அவர் தாளைத் தொடவில்லை. ஒலிபரப்பில் முதலில் வந்தது அந்தச் சலசலப்புதான்.

ஆகவே வியாழக்கிழமை வரை நீங்கள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எள் ஆட்டும்போது கருப்பட்டியை எந்தக் கட்டத்தில் போடுகிறீர்கள், போட்டதும் என்ன மாறுகிறது, போதும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இந்த மூன்றையும் புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்குச் சொல்வது மாதிரி ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். போகும் நாளில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பசித்த வயிறு போடுகிற சத்தத்தை மைக் விடாது, பிடித்துவிடும். பால் காபியும் வேண்டாம், தொண்டையில் கட்டிக்கொள்ளும். இரண்டு இட்லி, வெதுவெதுப்பான தண்ணீர். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. நேருக்கு நேர் ஊதாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பேசினால் ப, பா எல்லாம் வெடிக்காது.

கேள்வி (லேத் பட்டறை, கோவை கணபதி): சார், என்னென்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே வாங்கி, பதிலை எழுதிவைத்துப் படித்துவிடலாமா?

பதில்: என்ன கேட்கப்போகிறார்கள் என்று தாராளமாகக் கேளுங்கள், சொல்வார்கள். பதிலை எழுதாதீர்கள். படிக்கிறவர் குரல் வாக்கியத்தின் கடைசியில் ஒரே மாதிரி விழும். நாலாவது வாக்கியத்தில் கேட்கிறவர் பாட்டுப் போடுகிற ஸ்டேஷனுக்குத் திருப்பிவிடுவார். எண்கள் மறந்துவிடும் என்றால் ஒரு அட்டையில் எண்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எந்த வருஷம் ஆரம்பித்தீர்கள், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான். தாள் வேண்டாம், அட்டை. அட்டை சலசலக்காது.

கேள்வி (கைத்தறி, சென்னிமலை): எங்களிடம் நிலையத்திலிருந்தே "உரையை எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறார்களே?

பதில்: அது பேட்டி அல்ல, வானொலி உரை. அதற்கு எழுத்துப்படி முன்னாலேயே போகவேண்டும் என்பது பழைய வழக்கம். எழுதுங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் எழுதாமல், செல்போனில் பேசிப் பதிவு செய்து, அதைக் கேட்டு எழுதுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் முடியும்.

கேள்வி (சிறுதானிய சத்துமாவு, தர்மபுரி): எங்கள் குதிரைவாலிக் கஞ்சியால் பல பேருக்குச் சர்க்கரை நோய் போயிருக்கிறது. அதை ரேடியோவில் சொன்னால் வியாபாரம் ஏறுமா?

பதில்: சொல்லவே சொல்லாதீர்கள். உணவுப் பொருள் ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகளில் இடமில்லை. மருந்து என்று சொல்லி விற்கலாமே என்று யோசிக்காதீர்கள், அதற்கு 1954லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அதன் நோய்ப் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு. தவிர, உங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? குதிரைவாலியை எப்படி உமி நீக்குகிறீர்கள், வீட்டில் செய்தால் ஏன் கசடு தங்குகிறது, அதைப் பேசுங்கள்.

கேள்வி (பேக்கரி, ஓசூர்): ஒரு எஃப்.எம்.மில் இருந்து கூப்பிட்டு "உங்களைப் பேட்டி எடுக்கிறோம், எட்டாயிரம் கட்டுங்கள்" என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: உங்களிடம் பணம் வாங்கினால் அதற்குப் பேர் விளம்பரம். தப்பில்லை, விளம்பரம் என்று தெரிந்து கட்டுங்கள். எத்தனை நிமிஷம், எந்த நேரம், எத்தனை தடவை என்று எழுத்தில் வாங்குங்கள். அரசு வானொலியில் பேசப் போனால் அவர்கள்தான் உங்களுக்கு ஒப்பந்தக் கடிதம் கொடுத்துச் சன்மானம் தருவார்கள். பெரிய தொகை இருக்காது, ஆனால் திசை சரியான திசை.

கேள்வி (ஊறுகாய், கும்பகோணம்; ஓய்வு பெற்ற தமிழாசிரியை): ஐயா, மேலே அந்தச் செக்குக்காரர் "காஞ்ச காயி", "சலசலங்கும்" என்று பேசியதை மெச்சி எழுதியிருக்கிறீர்கள். வானொலி என்பது நாங்களெல்லாம் நல்ல தமிழைக் கேட்டு வளர்ந்த இடம். அங்கேயும் கொச்சையாகப் பேசலாம் என்று நீங்களே சொன்னால் எப்படி?

பதில்: அம்மா, இதற்காகத்தான் காத்திருந்தேன். கொச்சை வேறு, வட்டாரப் பேச்சு வேறு. செய்தி வாசிக்கிறவர் திருத்தமாக வாசிக்க வேண்டும், சண்டையே இல்லை. ஆனால் தொழில்காரர் தன் தொழிலைப் பற்றிப் பேசும்போது அவர் வாயில் வருகிற தமிழ்தான் அந்தத் தொழிலின் தமிழ்.

1960களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல்லைப் பரப்பியதில் திருச்சி வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. விவசாயிகள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பேர் வைத்துவிட்டார்கள். ரேடியோவில் கேட்டுவிட்டு ஒரு ஜில்லாவே விதையை மாற்றியதென்றால், சொன்னது அவர்கள் காதில் ஏறுகிற பேச்சாக இருந்திருக்க வேண்டாமா? "வீடும் வயலும்" என்ற விவசாய நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நிபுணர் சொன்னது பாதி நினைவிருக்கும், பக்கத்து ஊர்க்காரர் அவர் பேச்சிலேயே சொன்னது முழுக்க நினைவிருக்கும்.

கேள்வி (பின்னலாடை ஜாப் ஒர்க், திருப்பூர்): சபாஷ் சார். போன வருஷம் நான் பேசும்போது "ஏனுங்க, வாங்க" என்று பேசாமல் "வணக்கம் நேயர்களே" என்று ஆரம்பித்தேன். என் சம்சாரமே "யாரு பேசறது?" என்று கேட்டாள்.

பதில்: அதுதான் சங்கதி.

கேள்வி (அதே தமிழாசிரியை): நான் செந்தமிழில் பேசச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதைச் சாக்காக வைத்துப் "புராடக்ட் லாஞ்ச் பண்ணோம், ரெஸ்பான்ஸ் சூப்பரா இருந்துச்சு" என்று பேசுவார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: இதில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். அது எந்த வட்டாரத்துப் பேச்சும் இல்லை, பயத்தில் வருகிற பேச்சு. கடையில் "புதுசா மாவடு போட்டிருக்கோம், எடுத்துப் பாருங்க" என்கிறவர்தான் மைக்கைப் பார்த்ததும் புராடக்ட் லாஞ்ச் பண்ணுகிறார். நாலு பக்கத் தாளோடு வந்தவருக்கும் இவருக்கும் வியாதி ஒன்றுதான். கிரைண்டர், லேத், டை என்று தொழிலில் புழங்குகிற சொல்லை மட்டும் தொடாதீர்கள். கடைசல் எந்திரம் என்று சொல்லி கணபதி பட்டறைக்காரரை நான் சங்கடப்படுத்த மாட்டேன்.

கேள்வி (நேந்திரங்காய் சிப்ஸ், நாகர்கோவில்): எங்கள் பேச்சு ஆரல்வாய்மொழி தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் என்று காட்டிக் கொடுத்துவிடும். சென்னையில் கேட்கிறவருக்குப் புரியுமா?

பதில்: காட்டிக் கொடுக்கட்டும், அந்த ஊர் சிப்ஸைத்தானே விற்கிறீர்கள். வேகத்தை மட்டும் பாதியாகக் குறையுங்கள். ஊர்ச்சொல் ஒன்று வந்தால் அடுத்த மூச்சிலேயே அர்த்தம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (அச்சகம், விழுப்புரம்): மொழி பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். வானொலியா, ஆகாசவாணியா?

பதில்: 2023ல் ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் வீட்டில் வானொலி என்கிறேன், என் பேத்தி ரேடியோ என்கிறாள். மொழிச் சண்டையை இத்தோடு நிறுத்துகிறேன். இன்னும் பதினாலு பேர் இதைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள், அவற்றை எடுக்கப்போவதில்லை.

கேள்வி (கடலைமிட்டாய், கோவில்பட்டி): எங்கள் மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிலிருந்து ஆரம்பிக்கலாமா?

பதில்: அதை ஒரு வாக்கியத்தில் நடுவில் சொல்லிக்கொள்ளலாம். பாகிலிருந்து ஆரம்பியுங்கள். பதம் வந்துவிட்டதா என்று தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, எடுத்துத் தட்டினால் டங்கென்று கேட்குமே, அது ரேடியோவுக்கென்றே பிறந்த சத்தம்.

கேள்வி (ஸ்டேஷனரி, கரூர்): பதிலைத் தட்டச்சு செய்து பெரிய எழுத்தில் எடுத்துப்போனால் தடுமாறாமல் படிக்கலாம் அல்லவா?

பதில்: தாள் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (ஹார்டுவேர் கடை, சேலம்): ஜி.எஸ்.டி.யால் படுகிற பாட்டை ரேடியோவில் போட்டு உடைக்கலாமா? எதிர்க்கடைக்காரன் கலப்படமும் செய்கிறான்.

பதில்: உங்கள் கணக்கில் மாதம் எத்தனை நாள் இதற்கே போகிறது என்று உள்ளதைச் சொல்லலாம். திட்ட முடியாது. மத்திய, மாநில அரசுகள் மீது பகைமையான விமர்சனம், அவதூறு இரண்டையும் அரசு வானொலியின் ஒலிபரப்பு விதி அனுமதிப்பதில்லை. எதிர்க்கடைக்காரர் பேரை எடுத்தீர்களானால் அந்த இடத்தை வெட்டிவிட்டு உங்கள் பேட்டி பாதியிலிருந்து கேட்கும்.

கேள்வி (தையலகம், பொள்ளாச்சி): நேரடி ஒலிபரப்பில் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால்?

பதில்: "அது எனக்குத் தெரியாதுங்க, ஆனா இது தெரியும்" என்று தெரிந்ததற்கு வந்துவிடுங்கள். நேரலைக்கே பயம் என்றால் முதலில் பக்கத்துச் சமுதாய வானொலியில் பேசிப் பழகுங்கள். 2004ல் சென்னையில் அண்ணா எஃப்.எம். தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் இவை நிறைய வந்துவிட்டன. 100 வாட் சக்திதான், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகும். தப்பாகப் பேசினாலும் உங்கள் ஊரைத் தாண்டாது.

கேள்வி (மளிகை, ஆத்தூர்): பதிலை மனப்பாடம் செய்துவிட்டால்? அது தாள் இல்லையே.

பதில்: தாளைத் தலைக்குள் வைத்திருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி.

கேள்வி (காங்கேயம், மீண்டும்): ஐயா, நாளைக்குத்தான். காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கருப்பட்டி விஷயத்தை வேலைக்கு வருகிற பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். "இது எனக்கே தெரியுமே அக்கா" என்று சிரிக்கிறாள். கையோடு எதையாவது எடுத்துப் போகட்டுமா? பட்டுப்புடவை கட்டலாமா?

பதில்: பட்டு வேண்டாம், அசைந்தால் சரசரக்கும். நூல் புடவை. கண்ணாடி வளையலைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள், செல்போனை வெளியில் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். கையில் ஒரு பிடி எள், ஒரு துண்டுக் கருப்பட்டி. முடிந்தால் அந்தப் பெண்ணையும் கூட்டிப்போய் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவையுங்கள். அவள் முகத்தைப் பார்த்தே பேசலாம்.