சீரியலில் வருவது என் அக்கா கதைதானா?

கேள்வி: எங்கள் ஊர் தென்காசி பக்கம். அப்பா இறந்த பிறகு பீடி சுற்றியே தம்பி தங்கைகளைக் கரையேற்றிய என் அக்காவின் வாழ்க்கையைக் கதையாக எழுதி வைத்திருக்கிறேன். சீரியலில் உதவி இயக்குநர் என்று அறிமுகமான ஒருவரிடம் போனில் முழுக் கதையும் சொன்னேன். இரண்டு பக்கச் சுருக்கத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். அதன் பிறகு அவரிடமிருந்து பேச்சே இல்லை. இப்போது ஒரு புது சீரியலின் புரோமோவில் குடும்பத்தைத் தாங்கும் மூத்த பெண் வருகிறாள், சென்னையில் நர்ஸ் வேலை பார்ப்பவளாக. பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. வழக்குப் போடலாமா? 15,000 ரூபாய் கொடுத்தால் கதைக்கு 'பேட்டன்ட்' எடுத்து, சேனலிலும் பேசித் தருவதாக இன்னொருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அந்த 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள், சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம். கதைக்குப் பேட்டன்ட் என்று ஒன்று கிடையாது. அது கண்டுபிடிப்புகளுக்குத் தருவது. கதைக்கு உள்ளது காப்புரிமை, அதாவது காப்பிரைட். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் எழுதி முடித்த அன்றே அது உங்களுக்கு வந்துவிட்டது. யாரும் வாங்கித் தர வேண்டியதில்லை. பதிவு செய்துகொண்டால் பின்னால் சாட்சியாக உதவும், அவ்வளவுதான். ஒரு எழுத்துப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆங்கிலப் படிவம் என்பதால் கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதுபவன் தமிழில் எழுதுவான், படிவம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். இடைத்தரகர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். விண்ணப்பித்த பிறகும் யாராவது ஆட்சேபிப்பார்களா என்று 30 நாள் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு சான்றிதழ் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். காசு கொடுத்தால் சீக்கிரம் வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, புரோமோவுக்கு வருவோம். இதை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் தோற்பீர்கள். காரணம் கசப்பாக இருக்கும், பொறுமையாகக் கேளுங்கள்.

தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் குடும்பத்தைச் சுமக்கும் மூத்த பெண் எல்லோரையும் அழவைப்பவள். 1974இல் வந்த 'அவள் ஒரு தொடர்கதை' அவளைப் பற்றியதுதான். 2003இல் தொடங்கி 2009 வரை ஓடிய 'கோலங்கள்' அபியும் அவள்தான். இத்தனைக்குப் பிறகும் இன்னொரு மூத்த பெண் திரையில் வந்தால் மாலை வேலையைப் போட்டுவிட்டு உட்காருகிறோம். நம் தெருவில், நம் உறவில் அப்படி ஒருத்தியை நிஜமாகப் பார்த்திருக்கிறோம். அவளுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை என்ற குற்ற உணர்வும் நமக்கு உண்டு. சீரியலில் அவள் ஜெயிக்கும் வரை அந்தக் கடன் தீராது, அதனால்தான் ஆயிரம் எபிசோடு போனாலும் கூடவே போகிறோம். குடும்பக் கதைகளின் பலமே இதுதான். எல்லோருக்கும் சொந்தமான அந்த உணர்வைச் சட்டம் தனி ஆளுக்குப் பட்டா போட்டுத் தராது.

உங்களுக்குச் சொந்தமானது நீங்கள் அதைச் சொன்ன விதம். இலை வெட்டிய கையோடு அக்கா கணக்குப் பார்ப்பது, பி.எஃப். பணத்தை எடுத்துத் தங்கைக்கு நகை போடுவது, தம்பி விஷயத்தைச் சொல்லாமல் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது. நீங்கள் எனக்கும் அனுப்பிய சுருக்கத்தில் நான் படித்தவை இவை. இதே சம்பவங்கள் இதே வரிசையில் சீரியலில் வந்தால் பேசலாம். மூத்த பெண், சென்னை, நர்ஸ் வேலை என்பதை மட்டும் வைத்துப் பேச முடியாது.

உங்கள் நிலைமையில் இருந்த ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் டெல்லியில் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று ஒரு நாடகம் எழுதி 1954இல் மேடையேற்றினார். பஞ்சாபிக் குடும்பம், மதராஸிக் குடும்பம், இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் காதல். படம் எடுப்பதாக வந்தவருக்கு நாடகத்தை முழுக்கப் படித்தும் காட்டினார். 1956இல் அதே கருவோடு 'நியூ டெல்லி' என்ற படம் வந்தது. ஆனந்த் வழக்குப் போட்டு, கீழ் நீதிமன்றம், டெல்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று மூன்றிலும் தோற்றார். கருத்து யாருக்கும் சொந்தமில்லை, படம் அதை வேறு மாதிரி நடத்தியிருக்கிறது, நாடகத்தில் இல்லாத வேறு விஷயங்களும் படத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிட்டார்கள். தீர்ப்பு வந்தது 1978இல். படம் வந்து 22 வருடம். இல்லை என்று சொல்வதற்குக்கூட ஒரு மனிதனை இத்தனை காலம் காக்க வைக்கும் அமைப்பை நம்பி, கையிலிருக்கும் நகையை அடகு வைத்து வழக்கில் இறங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கருத்து யாருக்கும் சொந்தமில்லை என்பதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. உங்களுக்கு உதவக்கூடியது அது ஒன்றுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். கதையை நம்பிக்கையின் பேரில், 'எடுப்பதாக இருந்தால் பேசலாம்' என்ற எண்ணத்தில் ஒருவரிடம் கொடுத்து, அவர் அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்தினால், அது காப்புரிமைக்கு அப்பால் தனித் தவறு, நம்பிக்கை மீறல். 2003இல் ஜீ டெலிஃபிலிம்ஸுக்கும் சன்டயல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. சன்டயல்காரர்கள் 'கிரிஷ் கன்ஹையா' என்ற தொடருக்கான கருவை எழுத்தாகச் சேனலில் கொடுத்துப் பேசியிருந்தார்கள். பின்னால் அதே சேனல் 'கன்ஹையா' என்ற தொடரைக் கொண்டுவந்தபோது நீதிமன்றம் தடை கொடுத்தது. வெறும் கருவாக இல்லாமல், தொடராக எடுக்கும் அளவுக்கு வளர்த்த ஒன்றாக அது இருந்தது முக்கியமான காரணம்.

உங்கள் விஷயத்தில் இதற்கு மூன்று கண்ணிகள் வேண்டும். அந்த உதவி இயக்குநர் நிஜமாகவே இந்த சீரியலில் வேலை செய்கிறாரா? டைட்டிலில் ஓடும் பெயர்களைப் பாருங்கள், அதே தயாரிப்பு நிறுவனத்தின் பழைய சீரியல்களிலும் பாருங்கள். அவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. சம்பந்தம் இருந்தால், சீரியலுக்காகத்தான் கதையைக் கொடுத்தீர்கள் என்று வாட்ஸ்அப் பேச்சிலிருந்து தெரிய வேண்டும். 'சும்மா படிச்சுப் பாருங்க சார்' என்று மட்டும் இருந்தால் பலவீனம். மூன்றாவது, நீங்கள் கொடுத்ததற்கே உரிய சம்பவம் சீரியலில் வர வேண்டும். போனில் சொன்ன கதைக்கும் இந்த நம்பிக்கை மீறல் விதி பொருந்தும், ஆனால் சொன்னதை நிரூபிக்க வழியில்லை. வாட்ஸ்அப் செய்தி ஒன்றைக்கூட அழிக்க வேண்டாம், போனை மாற்றவும் வேண்டாம். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு அந்தப் போனே வேண்டும்.

ஒரு மாதம் போல எபிசோடுகளைப் பாருங்கள். பொருந்தும் சம்பவங்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று கண்ணிகளும் சேர்ந்தால் தாமதிக்காமல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், ஏனென்றால் நூறு எபிசோடு போன பிறகு தடை கேட்டால் 'இத்தனை நாள் என்ன செய்தீர்கள்' என்றுதான் நீதிபதி கேட்பார். காப்புரிமை வழக்கை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடச் சட்டம் இடம் தருகிறது. அதனால் 'சென்னைக்கு வாங்க, எனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கார்' என்று கூப்பிடுபவரிடமும் ஜாக்கிரதை.

இதற்கு நடுவே இரண்டு பக்கச் சுருக்கத்தை நாற்பது, ஐம்பது பக்கமாக, காட்சி காட்சியாக எழுதுங்கள். சுருக்கமாக இருக்கும்வரை அது ஏறக்குறைய கரு மட்டுமே, விரிந்தால்தான் உங்கள் சொத்து. அதைப் பதிவு செய்யுங்கள். இனி யாருக்குக் கொடுத்தாலும் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு, 'சீரியல் தயாரிப்புக்கான பரிசீலனைக்காக மட்டும், ரகசியமாக' என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கதையை எங்கே கொடுப்பது என்று சேனல்கள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. ஒரு வாசலைத் திறந்து வைத்தால் பாதி ஏமாற்று நின்றுவிடும், செய்ய மாட்டார்கள். வாசல் தெரியாதவர்களிடம் 'மேனேஜர்', 'கோ-ஆர்டினேட்டர்' என்று பெயர் வைத்துக்கொண்டு வருபவர்கள் கேட்பது முன்பணம். கதை வாங்குபவர் உங்களுக்குப் பணம் தர வேண்டியவர். உங்களிடம் பணம் கேட்பவர் கதை வாங்க வரவில்லை.

யாராவது உண்மையாகவே வாங்க வந்தால், ஒப்பந்தம் எழுத்தில் இல்லாமல் கதை கைமாறாது. காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறு மாதிரி எழுதியிராவிட்டால், வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாதபோது அது உங்களிடமே திரும்பிவிடும். 'நிரந்தரமாக' என்ற சொல் இருக்கிறதா, அந்த ஒரு வருட விதியை எங்காவது நீக்கியிருக்கிறார்களா என்று கையெழுத்துப் போடும் முன் தேடிப் பாருங்கள்.