மரத்தை விட மரைதான் முக்கியம்: வீட்டிலேயே கியர் நாப் செய்யலாமா?

கேள்வி: என்னிடம் 2009 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. கியர் ராடின் உச்சியில் கை பிடிக்கும் குமிழ், அதாவது நாப், மேலே தோல் உரிந்து, வெயிலில் கையில் ஒட்டுகிறது. சர்வீஸ் சென்டரில் நாப் தனியாக வராது, ராடோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஆக்சஸரீஸ் கடையில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். தாத்தாவின் தேக்குக் கட்டில் கால் ஒன்று வீட்டில் கிடக்கிறது. அதைக் கடைந்து நாப் போடலாமா? ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரச்சினை வருமா? – வாசகர், பாளையங்கோட்டை.

பதில்: தாராளமாகப் போடலாம். தாத்தா காலத்திலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடந்து காய்ந்த தேக்கு மாதிரி மரம் இன்று கடையில் தேடினாலும் கிடைக்காது. பச்சை வாசம் போகாத மரத்தை வாங்கிக் கடைந்தால் ஒரு கோடைக்குள் வெடித்துவிடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கட்டில் கால் கடைகிற பட்டறை பக்கத்தில் இருந்தால் ஐந்து சென்டிமீட்டர் உருண்டை கடைவது அவர்களுக்கு அரை மணி நேர வேலை.

நீங்கள் மரத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், மரையைப் பற்றி, அதாவது நாப் திருகி உட்காரும் சுருள் வரியைப் பற்றி, ஒரு வார்த்தை இல்லை. நாப் மாற்றிக் கெட்டுப்போய் என்னிடம் வருகிற பத்து வண்டியில் எட்டு மரையில்தான் கெட்டிருக்கும்.

கியர் ராடின் நுனியில் இருக்கும் மரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹோண்டா கார்களில் பொதுவாக 10 மில்லிமீட்டர், 1.5 பிட்ச். டொயோட்டாவில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர், 1.25 பிட்ச். பிட்ச் என்பது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, அவ்வளவுதான். இதை ஓனர்ஸ் மேனுவலில் ஒரு வரி அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? இஞ்சின் ஆயில் எத்தனை லிட்டர் என்று போடுகிறார்கள், டயருக்கு எவ்வளவு காற்று என்று போடுகிறார்கள், இது மட்டும் ரகசியம். நாப் தேய்ந்தால் ராடோடு வாங்கு என்று சொல்வதற்கு அது வசதியாக இருக்கிறது.

சரி, நீங்களே அளக்கலாம். பழைய நாப்பை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். திருகவே வராமல் சும்மா சுற்றினாலோ அசையாமல் நின்றாலோ அது மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தின வகை. சுத்தியலால் தட்டாமல் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மரை உள்ள வகை என்றால் வெர்னியர் அளவி வைத்து ராடின் விட்டத்தைப் பாருங்கள், பிறகு பத்து மரையின் நீளத்தை ஸ்கேலில் அளந்து பாருங்கள். 12.5 மில்லிமீட்டர் வந்தால் பிட்ச் 1.25, 15 வந்தால் 1.5.

இங்கேதான் முதல் பள்ளம். அளந்துவிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போய் பத்து எம்.எம். நட் கொடுங்கள் என்றால் அவர் கொடுப்பது சாதாரண 1.5 பிட்ச் நட். 12 எம்.எம். கேட்டால் 1.75 பிட்ச் வரும். உங்கள் ராடில் இருப்பது 1.25 என்றால் அந்த நட் ஒன்றரைச் சுற்று அழகாகப் போகும், அதற்கு மேல் இறுகும். "டைட்டா இருக்கு சார், ஸ்பானர் போட்டா உட்கார்ந்துடும்" என்று ஒருவர் சொல்வார். விடாதீர்கள். ஸ்பானர் போட்ட அந்த நிமிடமே ராடின் மரை செத்துவிடும், பிறகு சர்வீஸ் சென்டர் சொன்ன மாதிரி ராடையே மாற்ற வேண்டியதுதான். "ஃபைன் திரெட்", அதாவது நெருக்கமான மரை, என்று கேட்டு வாங்குங்கள். சரியான நட் என்றால் இரண்டு விரலால் கடைசி வரை தடையில்லாமல் ஓடும்.

அந்த மரையை நேராக மரத்தில் போடாதீர்கள். கட்டில் காலில் நார் நீளவாக்கில் ஓடும், நீங்கள் துளை போடுவது அதன் வெட்டு முகத்தில். அங்கே மரை போட்டால் நார் மாவு மாதிரி உதிர்ந்து, ஆறு மாதத்தில் நாப் கையோடு வரும். 16 மில்லிமீட்டர் பித்தளை ராடு ஒரு அங்குலத் துண்டு வாங்குங்கள். லேத்தில் கொடுத்து வெளிப்பக்கம் நாலைந்து பள்ளக் கோடு போட்டு, உள்ளே மரை போடச் சொல்லுங்கள். 10 எம்.எம். 1.5 என்றால் 8.5 டிரில், 10 எம்.எம். 1.25 என்றால் 8.8 டிரில், 12 எம்.எம். 1.25 என்றால் 10.8 டிரில். துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள், "எல்லாம் ஒண்ணுதான்" என்று கையில் கிடைத்த டிரில்லைப் போட்டால் மரை லூஸாகிவிடும். மரத்தில் துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாகப் போட்டு, இரண்டு டியூப் கலக்கும் பசையால் பித்தளையை ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். பசை மரைக்குள் வழியாமல் இருக்க, கிரீஸ் தடவின போல்ட் ஒன்றை உள்ளே திருகி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள்.

எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்கிற நாப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அதைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே மரை இருக்காது. ஒரு பிளாஸ்டிக் குழாயும், பக்கவாட்டில் மூன்று குட்டி ஸ்குரூவும் இருக்கும். அந்த ஸ்குரூக்கள் ராடின் மரையைக் குத்திப் பிடிக்கின்றன. வண்டி அதிரும்போது தளரும், தளர்ந்ததும் இன்னும் இறுக்குவீர்கள், மரை நசுங்கும். பைபாஸில் லாரியைத் தாண்டும்போது நாப் கையில் தனியாக வந்துவிட்டது என்று ஒருவர் என்னிடம் வந்தார். அவர் ராடின் நுனியில் மூன்று பக்கமும் பல் பதிந்த மாதிரி குழி. அதே கடையில் பளபளவென்று கனமான உலோக நாப்பும் காட்டுவார்கள், கியர் வெண்ணெய் மாதிரி விழும் என்பார்கள். ஐந்து சென்டிமீட்டர் உருண்டை தேக்கில் நாற்பது கிராம் சொச்சம், அலுமினியத்தில் 175, பித்தளையில் அரைக் கிலோவுக்கு மேல். கனம் கையோடு சேர்ந்து தள்ளுவதால் இலகுவாகத் தெரிவது உண்மைதான். ஆனால் கிளட்ச் சரியாக விடாமல் கியர் கடினமாக விழுகிறது என்றால் கனமான நாப் அதை மறைக்கும், சரிசெய்யாது. அதோடு திருநெல்வேலி வெயிலில் நிறுத்திய காரில் உலோக நாப்பைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

உங்கள் வண்டியில் ரிவர்ஸ் எப்படி விழும் என்று நீங்கள் எழுதவில்லை. இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். சில கார்களில் நாப்புக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும், அதை விரலால் மேலே தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். உங்களுடையது அந்த வகை என்றால் மரத்தைக் கடைவதற்கு முன்பே வளையத்தை முழுக்கத் தூக்கி, அது எந்த உயரம் வரை வருகிறது என்று ராடில் பென்சிலால் கோடு போடுங்கள். புது நாப்பின் அடிப்பாகம் அந்தக் கோட்டுக்கு மேலே மூன்று மில்லிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். தாழ்ந்து உட்கார்ந்தால் வளையம் முழுக்க ஏறாது, ரிவர்ஸ் விழாது. அதற்குத்தான் வழி கண்டுபிடிக்கிறேன் என்று சிலர் வளையத்தைத் தூக்கின நிலையிலேயே கம்பி வைத்துக் கட்டிவிடுகிறார்கள். அந்த வளையம் இருப்பதே ஓடுகிற வண்டியில் கை தவறி ரிவர்ஸ் பக்கம் போகக் கூடாது என்பதற்குத்தான். வளையத்தைக் கட்டிவைப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நாப்பின் அடி அகலமாக இருந்தாலும் விரல் வளையத்துக்கு எட்டாது, அதனால் கீழ்ப்பக்கம் ஒடுங்கலாக, பம்பரம் மாதிரி கடையச் சொல்லுங்கள். கட்டில் கால் கடைகிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எதையும் கழற்ற வேண்டாம்.

ஆர்.டி.ஓ. விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுப்பது, வண்டியின் பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை. ஆர்.சி.யில் நாப்புக்கு ஒரு கட்டமும் கிடையாது. "என்டார்ஸ்மென்ட் போடணும், நான் முடிச்சுத் தரேன்" என்று புரோக்கர் யாராவது சொன்னால் பத்து பைசா கொடுக்காதீர்கள். ஆபீஸில் நேராகப் போய்க் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்ல ஆள் இருந்தால் இவர்களுக்கு வேலையே இருக்காது.

மாட்டும்போது ராடில் முதலில் நாப் தளராமல் பிடிக்கும் ஒரு மெல்லிய செக் நட் ஏற்றி, அதன் மேல் நாப்பைத் திருகி, நேராக நிற்கும் இடத்தில் செக் நட்டை மேல் நோக்கி இறுக்குங்கள். மரைக்குள் பசை ஊற்ற வேண்டாம், நாளைக்குக் கழற்ற வேண்டியிருக்கும். மேலே கியர் வரிசையைச் சூட்டுக்கோலால் கீறிவிடுங்கள், வேறு யாராவது ஓட்டினால் உதவும். எஞ்சினை அணைத்துவிட்டு கிளட்ச் மிதித்து எல்லா கியரும் போட்டுப் பாருங்கள், ரிவர்ஸை நாலு தடவை. ஒரு வாரம் ஓட்டிய பிறகு செக் நட்டை மறுபடி ஒரு தடவை இறுக்குங்கள்.