பழைய கம்ப்யூட்டரா, புது ரவுட்டரா?

புளியரையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "மூன்று கம்ப்யூட்டர், கேமரா படங்களைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆர், ஃபைபர் இணைப்பு இருக்கிறது. சரக்கு லாரிக்கு எடுக்கும் ஈ-வே பில் எல்லாம் இதில்தான். சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் பிஎஃப்சென்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, வெளியாட்கள் நெட்வொர்க்கில் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால் செய்து தருகிறேன் என்கிறார் புனலூரில் இருக்கும் மச்சான். இரண்டாயிரம் ரூபாய் ரவுட்டர் போதாதா?"

போதும், ரவுட்டரே வாங்குங்கள்.

மச்சான் சொல்வதில் தப்பில்லை. பிஎஃப்சென்ஸ் இலவசம், தரமானதும்கூட. ஆனால் இன்னொரு நெட்வொர்க் கார்டு வேண்டும், வைஃபைக்குத் தனிக் கருவி வேண்டும். பழைய டெஸ்க்டாப் 60 வாட் இழுத்தாலே இரண்டு மாத பில்லில் 86 யூனிட் ஏறும். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் கடைக்குக் கிடையாது. சின்ன ரவுட்டருக்கு 10 வாட் தாராளம். கரண்ட் போனாலும் மினி யூபிஎஸ் தாங்கும். அப்புறம், செக்போஸ்ட்டில் லாரி நிற்கும்போது அந்தப் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் மச்சான் மலை இறங்கி வரும்வரை காத்திருப்பீர்களா?

எனக்குக் கவலை உங்கள் டிவிஆர் மேல்தான். செல்போனில் கேமரா தெரியவேண்டும் என்று ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியைத் திறந்துவிட்டு, டிவிஆர் கம்பெனி போட்ட பாஸ்வேர்டை அப்படியே விட்டுப் போவார் மாட்டியவர். 2016-இல் உலகை ஆட்டிய மிராய் என்ற தீங்கு மென்பொருள், இப்படிப்பட்ட டிவிஆர்களிலும் கேமராக்களிலும் புகுந்துதான் பரவியது. முன்னால் எந்த ஃபயர்வால் இருந்தும் திறந்த போர்ட்டுக்குப் பயனில்லை. ஃபயர்வால் விற்பவர்களில், இலவச மென்பொருளையே பெட்டியில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, வருடாவருடம் 'லைசென்ஸ்' பணம் கேட்பவர்களும் உண்டு. உள்ளே என்ன மென்பொருள், அட்மின் பாஸ்வேர்டு என்ன என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். ஃபைபர்காரர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? மோடம் பாஸ்வேர்டைக் கேட்டால் புகார் எண் தருவார்கள். மறுநாள் 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வரும். பாஸ்வேர்டு வராது.

ரவுட்டர் வந்ததும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பட்டனை அழுத்தி வைஃபையில் சேரும் டபிள்யூபிஎஸ், கருவிகள் தாமே போர்ட் திறக்கவிடும் யூபிஎன்பி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி மூன்றையும் அணையுங்கள். டிரைவர்களுக்கு, ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எட்டாத தனி கெஸ்ட் வைஃபை கொடுங்கள்.

பக்கத்து அறையில் பிரௌசிங் சென்டர் வைக்கும் எண்ணமிருந்தால் கதை வேறு. 2011 சைபர் கஃபே விதிகளின்படி முதலில் பதிவு செய்ய வேண்டும். வருபவரின் அடையாளத்தைக் குறிக்க வேண்டும். பார்த்த தளங்களின் பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். மலிவு ரவுட்டரில் அதற்கு இடமில்லை, பெரும்பாலும் கரண்ட் போனாலே அழிந்துவிடும். அதற்கு மச்சான் சொல்வதுபோல் ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டிதான் சரி. அதிலும் மூன்றாவது நெட்வொர்க் கார்டு போட்டு சென்டர் கம்ப்யூட்டர்களைத் தனியே பிரிக்க வேண்டும். கெஸ்ட் வைஃபை, வயரில் வருபவர்களைப் பிரிக்காது. பழைய டிஸ்க்கை நம்பாமல் வாரம் ஒருமுறை வேறிடத்தில் நகல் எடுங்கள். அந்தப் பதிவிலும், இன்றைய இணையத்தில் தளத்தின் பெயர் தெரியலாம், எந்தப் பக்கம் பார்த்தார் என்பது தெரியாது. விதி எழுதியவர்கள் சின்னக் கடைக்காரருக்கு இதையெல்லாம் யார் சொல்லித்தருவது என்று யோசித்ததாகத் தெரியவில்லை. சென்டருக்குப் பதிவு கிடைத்த பிறகு மச்சானைக் கூப்பிடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.