அந்தக் கடிதத்தைக் கிழிக்கலாமா?

கேள்வி: என் சித்தப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். 1971 டிசம்பர் போரில் இறந்தபோது அவருக்கு வயது 22. உடல் வரவில்லை. தந்தி வந்தது, பிறகு அவருடைய டிரங்குப் பெட்டி வந்தது. இப்போது ஊரில் அவருக்குச் சிலை வைக்கிறார்கள், விழா மலருக்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியில் ஆயாவுக்கு அவர் எழுதிய ஒரு இன்லண்ட் கடிதம் கிடைத்தது. ‘இங்கே பயமாக இருக்கிறது, ஊருக்கே வந்துவிடலாமா என்று தோன்றுகிறது’ என்று எழுதியிருக்கிறார். “வெளியே தெரிந்தால் மானம் போகும், கிழித்துப் போடு” என்கிறார் அத்தை. 78 வயதான அப்பா வாயே திறக்கவில்லை. என்ன செய்வது?
– வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: கிழிக்காதீர்கள், சகோதரி. 22 வயதுப் பையன் பயமாக இருக்கிறது என்று பெற்ற தாயிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வான்? எழுதிவிட்டு ஓடிவரவில்லையே, அங்கேயேதானே இருந்தார்! பயமே தெரியாதவர் நின்றதைவிட, பயந்துகொண்டே நின்றதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அத்தையின் கோபமும் புரிகிறது. அன்றைக்குப் போர்முனையிலேயே தகனம் செய்துவிடுவார்கள். உடலை ஊருக்கு அனுப்புவது 1999 கார்கில் போரில்தான் பரவலாக நடந்தது. கடைசியாக முகம்கூடப் பார்க்காத தங்கைக்கு, ‘என் அண்ணன் வீரன்’ என்ற சொல் ஒன்றுதான் மிச்சம். அதில் யாரும் கைவைப்பதை அவரால் தாங்க முடியாது. வாதாடாதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மற்ற கடிதங்களைப் படித்துக் காட்டுங்கள்.

கார்கிலில், திராஸ் பகுதியில், 1999 ஜூன் 29 அன்று உயிரிழந்த கேப்டன் விஜயந்த் தாப்பருக்கும் 22 வயதுதான். திரும்பி வராவிட்டால் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். காஷ்மீரில் பழக்கமான ஒரு சிறுமிக்கு மாதம் 50 ரூபாய் கொடுக்கும்படி அதில் பெற்றோரிடம் கேட்டிருந்தார். அவருக்கு வீர் சக்ரா விருது உண்டு. ஆனாலும் எனக்கு அவர் பெயரைக் கேட்டதும் முதலில் ஞாபகம் வருவது அந்த 50 ரூபாய்தான். அவர் எப்படிப்பட்ட பிள்ளை என்பது அதில் தெரிகிறது.

உங்கள் சித்தப்பாவிடமும் அப்படி ஏதாவது இருக்கும், தேடுங்கள். 1971 போர் நடந்தது 13 நாள். அவர் வாழ்ந்தது 22 வருடம். மலரில் அந்த 22 வருடம் வரட்டும். பெட்டியில் மணியார்டர் கூப்பன்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதில் செய்தி எழுதக் கொஞ்சம் இடம் இருக்கும். யாருக்கு எவ்வளவு, எதற்கு என்று அங்கேதான் எழுதுவார்கள். கடிதங்களில் ஊர்ப் பெயர் இருக்காது. முகவரியில் 99 ஏ.பி.ஓ (ராணுவத் தபால் நிலையம்) என்றிருந்தால் பெரும்பாலும் கிழக்குப் பக்கம், 56 ஏ.பி.ஓ என்றால் மேற்கு, வடக்குப் பக்கம். அவருடைய ராணுவ எண்ணையும் பட்டாலியனையும் குறித்துக்கொண்டு, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்கு எழுதுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேளுங்கள். அவரோடு பயிற்சி எடுத்தவர்கள் இருந்தால் இப்போது எழுபது வயதைத் தாண்டியிருப்பார்கள். அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் கிரானைட் கற்களில் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள், அங்கே அவர் பெயரையும் தேடிப் பாருங்கள்.

அப்பாவிடம் போரைப் பற்றிக் கேட்காதீர்கள். “சித்தப்பாவும் நீங்களும் எதுக்குப்பா சண்டை போடுவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் அவராகவே பேசுவார். பேசாவிட்டாலும் சரி, வற்புறுத்த வேண்டாம்.

அந்தக் கடிதத்தை மேடையில் படிக்க வேண்டாம் என்பேன். அது ஆயாவுக்கு எழுதியது. அப்பாவும் அத்தையும் சம்மதித்தால் மலரில் போடுங்கள். இல்லையென்றால் வீட்டில் இருக்கட்டும், உங்கள் பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் ‘பயம் என்றால் என்னவென்றே அறியாதவர்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இன்லண்ட் தாள் மடிப்பில் கிழியும். முதலில் எல்லாப் பக்கத்தையும் செல்போனில் படம் எடுங்கள், பிறகு விரித்துக் காகித உறையில் வையுங்கள். லேமினேட் செய்யவே கூடாது. செய்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது.