கண்ணாடி பவருக்கே கான்டாக்ட் லென்ஸ் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 22. கிட்டப்பார்வை, இரு கண்ணிலும் பவர் மைனஸ் 6. கண்ணாடிச் சீட்டைக் காட்டி அதே பவரில் மாதாந்திர கான்டாக்ட் லென்ஸ் வாங்கலாமா? என்றாவது கழற்றாமல் தூங்கிவிட்டால் ஆபத்தா?

பதில்: அதே பவர் சரிவராது. மூக்குக்கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்கிறது, லென்ஸ் கருவிழி மேலேயே படிகிறது. இடைவெளி இல்லாததால் உங்களுக்கு மைனஸ் 5.50 அளவே தேவைப்படும். மைனஸ் 4-க்குக் குறைவானவர்களுக்கு இந்த வித்தியாசம் பொருட்டல்ல. நீங்கள் 6-ஐயே போட்டால் தூரம் பளிச்சென்றுதான் இருக்கும். படிக்க உட்கார்ந்தால் கண் வலிக்கும், தலைவலி வரும்.

பவர் மட்டும் போதாது. வளைவு, விட்டம் இரண்டும் பொருந்த வேண்டும். இறுக்கமான லென்ஸுக்கு அடியில் கண்ணீர் ஓடாது; தளர்ந்தது ஒவ்வொரு இமைப்புக்கும் நகர்ந்து பார்வையை மங்கவைக்கும். கருவிழி வளைவை அளந்து, சோதனை லென்ஸ் போட்டு, அது படிந்த பிறகு ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

தூக்கம்? குட்டித் தூக்கத்துக்கும் கழற்றிவிடுங்கள். கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. விழித்திருக்கும்போது ஆக்சிஜனைக் காற்றிலிருந்தே எடுக்கிறது. மூடிய இமைக்குள் லென்ஸும் இருந்தால் கருவிழி வீங்கும், மேல்தோல் நலியும். அந்த நேரத்தில் சூடோமோனாஸ் போன்ற கிருமி புகுந்தால் ஓரிரு நாளில் புண்ணாகிவிடும். ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, தண்ணீர். குழாய்த் தண்ணீரில் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கக்கூடும். அது கருவிழியில் தொற்றினால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டியிருக்கும். கையை சோப்பால் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். குளியல், நீச்சல் இரண்டுக்கும் லென்ஸ் ஆகாது. கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, லென்ஸ் சுத்தம் செய்யும் சொல்யூஷன் விட்டு, இரு பக்கமும் சுமார் 20 விநாடி தேய்த்து அலசுங்கள். டப்பாவிலுள்ள பழைய சொல்யூஷன் மேல் புதியதை ஊற்றினால் கிருமிநாசினியின் வீரியம் குறைந்துபோகும். முழுதும் கொட்டிவிட்டு நிரப்புங்கள். வெறும் சலைன், அதாவது உப்புக் கரைசல், கிருமியைக் கொல்லாது. டப்பாவை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாத லென்ஸுக்குக் கணக்கு, உறை பிரித்த நாளிலிருந்து. போட்ட நாள்களை மட்டும் எண்ணக் கூடாது. இவ்வளவும் செய்யப் பொறுமை இல்லையென்றால் தினமும் வீசிவிடும் லென்ஸே உங்களுக்கு உகந்தது.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் உடனே கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கிருமியைக் கண்டறிய அவை உதவும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி விடாதீர்கள்.