மருந்து தொடங்கியும் காய்ச்சல் ஏன் விடவில்லை?

கேள்வி: மகனுக்கு 17 வயது. இரத்த கல்ச்சரில் நெருப்புக்காய்ச்சல் என்று வந்து, அன்டிபயோட்டிக் தொடங்கி மூன்று நாளாகிறது. பின்னேரமானால் இன்னும் 102 காட்டுகிறது. கிருமி சாகிறது என்றால் காய்ச்சல் ஏன் விடவில்லை? மருந்தை மாற்றச் சொல்லட்டுமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: காய்ச்சல் விடவில்லை என்பதற்காக மட்டும் இப்போதே மாற்றச் சொல்லாதீர்கள் அம்மா. சரியான மருந்து போனாலும் நெருப்புக்காய்ச்சல் இறங்க நாலைந்து நாள், சிலருக்கு ஒரு கிழமைகூட எடுக்கும்.

ஏனென்றால் உடம்பைச் சுட வைப்பது மகனின் சொந்த வெண்குழியங்கள்தான். சல்மொனெல்லா டைஃபி கிருமி நீந்துவதற்கு வால் போன்ற சவுக்குமுளைகள் வைத்திருக்கிறது, அவை பிளெஜெலின் என்ற புரதம் ஆயிரக்கணக்கில் அடுக்கிக் கட்டப்பட்டவை. நம் கலங்களின் மேற்பரப்பில் டி.எல்.ஆர்.5 என்று ஒரு வாங்கி (கிருமியின் பகுதியைப் பிடித்து உணரும் புரதம்) இருக்கிறது. பிளெஜெலினைப் பிடிப்பது இதுதான் என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே வருவது என்பதால், அந்தக் கிருமியை முன்பு சந்தித்திருக்கத் தேவையில்லை. பிளெஜெலினில் இந்த வாங்கி குறிவைக்கும் இடமும் அருமையான இடம்: கிருமி அதை மாற்றப் போனால் நீந்தவே முடியாமல் போகலாம். வால் முழுசாக இருக்கும்போது அந்த இடம் உள்ளே மறைந்திருக்கும், உடைந்து தனித்தனிப் புரதமாகும்போதுதான் வெளியே தெரியும். கிருமியின் வெளியுறையில் உள்ள லிப்போபொலிசக்கரைட்டு (அது புரதம் இல்லை) டி.எல்.ஆர்.4 வழியாக இதே வேலையை இன்னும் பலமாகச் செய்யும். ஆக, செத்த கிருமியின் துண்டுகளே போதும், கலங்கள் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். என்று சமிக்ஞைகளை விடும், அதைக் கேட்டு மூளையில் புரொஸ்டகிளாண்டின் என்ற இரசாயனம் கூடும், சூடு ஏறும். பனடோல் அடக்குவது இந்தக் கடைசிப் படியைத்தான், கிருமியை அது தொடாது.

சரி, என்ன செய்வது? கல்ச்சரில் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்ற றிப்போட்டும் வரும், அதை வைத்தியரிடம் கேளுங்கள். நம் பக்கத்து நாடுகளில் சிப்ரோஃப்ளொக்சசினுக்கு அடங்காத கிருமி நிறைய. மருந்தை மாற்றுவதாக இருந்தால் அதைப் பார்த்து அவர் மாற்றட்டும். ஐந்தாம் நாளும் சூடு கொஞ்சமும் இறங்காவிட்டால் திரும்பக் காட்டுங்கள். கடும் வயிற்றுவலி, கறுப்பு மலம், பிதற்றல், எதையும் குடிக்க முடியாத வாந்தி இதில் ஒன்று வந்தாலும் இரவு பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று, கொழும்பில் டெங்கு எப்போதும் இருக்கிறது. பனடோலுக்கு அடங்கவில்லையென்று இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமருந்து எதையும் பார்மசியில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் விட்ட பிறகும் குளிசைகளைச் சொன்ன நாள் வரைக்கும் முடிக்க வேண்டும்.